பாட வீடியோக்களுக்குத் தமிழ் சப்டைட்டில்: பேசுவதை அப்படியே எழுதுவதா, எழுத்துத் தமிழுக்கு மாற்றுவதா?

கேள்வி: அறிவியல் ஆசிரியை, திருப்பூர்

வணக்கம். திருப்பூர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் காதுகேளாதோர் பள்ளி ஒன்றில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் நடத்துகிறேன். வகுப்பில் சைகை மொழியும் கரும்பலகையும்தான் முதன்மை என்றாலும், மின்சுற்று, ஒளிவிலகல், ஒளிச்சேர்க்கை போன்ற பாடங்களுக்கு அசையும் படம் ஒன்றைக் காட்டினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்ளும் வேகமே வேறு. இணையத்தில் தமிழில் நல்ல பாட வீடியோக்கள் நிறையவே இருக்கின்றன. ஆனால் நான் தேடிய வரையில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழில் சப்டைட்டில் இல்லை. இருக்கும் சிலவற்றிலும் தானாக உருவான வரிகள்தான் ஓடுகின்றன. ஆகவே நாங்களே வரிகளைத் தட்டச்சு செய்து சேர்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

இந்த வேலையில் இன்னொரு பள்ளியும் சேர்ந்திருக்கிறது. அருகிலுள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் என் தோழி ஆசிரியையாக இருக்கிறார். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களின் குழந்தைகள் பலர் அவர் வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டில் ஒடியாவோ இந்தியோ போஜ்புரியோ பேசிவிட்டு, பள்ளியில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் அவர்கள். எங்கள் வீடியோக்களை அவர்களுக்கும் காட்டலாம் என்பது தோழியின் விருப்பம்.

எங்கள் குழப்பம் இதுதான். வீடியோவில் பாடம் நடத்துபவர் இயல்பான பேச்சுத் தமிழில் பேசுகிறார். "இப்ப சுவிட்சப் போட்டோம்னா கரண்ட் இந்த வழியாப் போயி பல்பு எரிய ஆரம்பிச்சிடும், பாத்தீங்களா" என்கிறார். இதை அவர் சொன்னபடியே திரையில் எழுதுவதா, "சுவிட்சை மூடினால் மின்னோட்டம் இந்த வழியாகச் சென்று பல்பு எரியத் தொடங்கும்" என்று மாற்றுவதா? தோழி முதலாவதைக் கேட்கிறார். என் மாணவர்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே கோப்பில் இரு வகுப்புகளையும் நிறைவு செய்ய வழி உண்டா? வரிகள் எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும், தானியங்கி வரிகளைத் திருத்திக்கொண்டால் போதாதா என்பவற்றையும் அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

பதில் 1: எழுத்தோட்டம் (சப்டைட்டில் பணியாளர், சென்னை)

அம்மா, வணக்கம். ஓடிடி தளங்களுக்குச் சப்டைட்டில் எழுதுவது என் தொழில். ஒரே கோப்பில் இரு தரப்பையும் நிறைவு செய்ய முயல வேண்டாம் என்பதே என் கருத்து. இரண்டு கோப்புகளாகவே செய்யுங்கள். வேலை இரட்டிப்பாகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. இந்தத் தொழிலில் பாதி உழைப்பு நேரக் குறிப்புகளை அமைப்பதில்தான் போகிறது. அது ஒருமுறை அமைந்துவிட்டால் அதே கோப்பைப் படியெடுத்து வாசகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பிறவியிலேயே காது கேளாத குழந்தை தமிழைச் சந்தித்த இடம் பெரும்பாலும் பாடப்புத்தகமும் கரும்பலகையும்தான். "ஆரம்பிச்சிடும்" என்பது "ஆரம்பித்துவிடும்" என்பதன் பேச்சு வடிவம் என்று நமக்கு உடனே புரிவதற்குக் காரணம், இரண்டையும் சிறு வயதிலிருந்து காதால் இணைத்து வைத்திருப்பதே. அந்த இணைப்பு இல்லாத குழந்தைக்கு அது அகராதியிலும் இல்லாத, புத்தகத்திலும் இல்லாத ஒரு புதுச் சொல். மின்சுற்றைப் புரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில் அதற்கு இந்தப் புதிரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் தோழியின் மாணவர்களுடைய நிலை நேர் எதிரானது. அவர்கள் மளிகைக் கடையிலும் விளையாட்டுத் திடலிலும் கேட்பது பேச்சுத் தமிழ்தான். காதில் "போட்டோம்னா" என்று விழும் நொடியில் திரையில் "மூடினால்" என்று வந்தால், எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று பொருத்திப் பார்க்கும் வாய்ப்பே போய்விடும். அந்தப் பொருத்தத்துக்காகத்தான் அவர்களுக்குச் சப்டைட்டிலே தேவைப்படுகிறது.

அடுத்தது வேகம். ஆங்கிலத்தில் இதை நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்று கணக்கிடுவார்கள். பிபிசியின் வழிகாட்டி 160 முதல் 180 சொற்கள் வரை என்கிறது. அமெரிக்காவில் கார்ல் ஜென்சிமா 1990களில் செய்த ஆய்வில், பார்வையாளர்களுக்கு வசதியாக இருந்த வேகம் நிமிடத்துக்குச் சுமார் 145 சொற்கள். இந்த எண்களைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொண்டால் பிள்ளைகள் மூச்சுத் திணறிப்போவார்கள். "எரிந்துகொண்டிருந்தபோது" என்பது நமக்கு ஒரே சொல்; அதே பொருளை ஆங்கிலம் மூன்று நான்கு சொற்களில் சொல்லும். தமிழில் சொல்லை எண்ணாமல் எழுத்தைத்தான் எண்ண வேண்டும். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நேரத்தில் இரண்டு வரி, வரிக்கு நான்கைந்து சொல் என்று வைத்துக்கொண்டு, வகுப்பில் நிதானமாகப் படிக்கும் ஒரு மாணவரை உட்கார வைத்து, அவர் கடைசிச் சொல்லைத் தொடும் வரை வரி திரையில் நிற்கிறதா என்று பாருங்கள். எந்த வாய்ப்பாட்டையும் விட அந்தச் சோதனையைத்தான் நான் நம்புவேன்.

வரியை உடைக்கும் இடமும் முக்கியம். "ஆக்சிஜன் வெளியேற்றப்" என்று ஒரு வரியிலும் "படுகிறது" என்று அடுத்த வரியிலும் வந்தால், கேட்கும் குழந்தை ஒலியை வைத்துச் சேர்த்துக்கொள்ளும். கேளாத குழந்தை அங்கேயே நின்றுவிடும். எழுவாய், எச்சம், வினைமுற்று என்று இலக்கணத்தில் எங்கே மூச்சு விடலாமோ அங்கேதான் வரியை முறிக்க வேண்டும்.

அறிவியல் பாடத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பாட வீடியோக்களில் நான் மிகுதியாகக் காணும் குறை இது. மேலே சொன்ன ஜென்சிமாவும் உடன் ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கண்ணசைவு ஆய்வில், எழுத்து வரிகளோடு வீடியோ பார்த்தவர்கள் தங்கள் நேரத்தில் 84 விழுக்காட்டை வரிகளிலும் 14 விழுக்காட்டை மட்டுமே படத்திலும் செலவிட்டது தெரியவந்தது. உங்கள் மின்சுற்று வீடியோவில் இது என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். "பல்பு எரியத் தொடங்கும்" என்ற வரியைக் குழந்தை படித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பல்பு எரிந்து முடிந்திருக்கும். கேட்கும் குழந்தை காதால் ஆசிரியரையும் கண்ணால் பல்பையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்கிறது. கேளாத குழந்தைக்கு இரண்டு வேலைக்கும் இருப்பது கண் ஒன்றுதான். எனவே செயல் நடக்கும் நொடிகளில் திரையில் வரியே இருக்கக் கூடாது. வரியைச் சற்று முன்னதாகக் காட்டி அழித்துவிட்டு, பிறகு பல்பு எரிய வேண்டும். வீடியோவில் அதற்கு இடைவெளி இல்லையென்றால் அந்த இடத்தில் படத்தை இரண்டு மூன்று நொடி உறைய வைத்து வெட்டிச் சேருங்கள். கைபேசியில் உள்ள எந்த எடிட்டிங் செயலியாலும் இதைச் செய்ய முடியும். கீழே வரைபடத்தின் பெயர்க்குறிப்புகள் இருக்கும் இடங்களில் வரியைத் திரையின் மேற்பகுதிக்கு மாற்றிவிடுங்கள்.

தானியங்கி வரிகளை நேரக் குறிப்புக்காக மட்டும் பயன்படுத்தலாம். ஒலியும் ஒளியும் அடுத்தடுத்த பாடங்களாக வரும் வகுப்பில், பலர் லகரத்தையும் ளகரத்தையும் ஒன்றுபோல உச்சரிக்கும் நாட்டில், இயந்திரம் "ஒளிவிலகல்" என்று எழுதுமா "ஒலிவிலகல்" என்று எழுதுமா என்பது அதன் நல்லெண்ணத்தைப் பொறுத்தது. "வளிமண்டலம்" வலிமண்டலமாவதையும் பார்த்திருக்கிறேன். கேட்கும் மாணவர் சிரித்துவிட்டுக் கடந்துபோவார். கேளாத மாணவருக்குத் திரையில் வந்ததுதான் பாடம். அதைச் சரிபார்க்க அவரிடம் வேறு வழி இல்லை.

பதில் 2: கைபேசிக்காரன்

இவ்வளவு தட்டச்சு செய்ய ஆசிரியர்களுக்கு நேரம் ஏது? கூகுள் டாக்ஸில் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கும் இருக்கிறது. வீடியோவை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே, அதே பொருளை எழுத்துத் தமிழில் தெளிவாக, நிதானமாக நீங்கள் திரும்பச் சொல்லுங்கள். பின்னணி இசையும் வகுப்பறை இரைச்சலும் இல்லாத உங்கள் குரல் அதற்கு எளிதாகப் புரியும். வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளில் நேரலைச் செய்திக்குச் சப்டைட்டில் போடுகிறவர்கள் பலர் இந்த முறையைத்தான் கையாள்கிறார்கள். லகர, ளகர, ழகரத் திருத்தம் மட்டும் கையால் செய்ய வேண்டியிருக்கும்.

பதில் 3: மௌனமொழி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் பிறவியிலேயே காது கேளாதவன். காதுகேளாதோர் பள்ளியில் படித்து, பிறகு கேட்கும் மாணவர்களோடு பாலிடெக்னிக்கில் படித்து, இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் வரைவாளராக வேலை செய்கிறேன். எழுத்தோட்டம் அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், குறிப்பாகப் பல்பு எரியும் இடத்தைப் பற்றிச் சொன்னதை. வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசும்போது உதட்டசைவும் போய், சைகையும் போய் நாங்கள் விழித்துக்கொண்டு நிற்பதும் இதே சிக்கல்தான்.

ஆனால் ஒன்றில் எனக்கு உடன்பாடு இல்லை. எழுத்துத் தமிழுக்கு மாற்றுகிறோம் என்ற பெயரில் வெட்டிக் குறைக்கும் பழக்கம் எளிதாக நுழைந்துவிடும். கேள்வியில் உள்ள எடுத்துக்காட்டையே பாருங்கள்: மாற்றிய வாக்கியத்தில் "பாத்தீங்களா" காணாமல் போய்விட்டது. அது ஒன்றும் பெரிய இழப்பில்லை என்று தோன்றும். பாலிடெக்னிக்கில் ஒரு பாட வீடியோ ஓடும்போது வகுப்பு முழுவதும் திடீரென்று சிரிக்கும். திரையின் கீழே ஒரு சூத்திரம் மட்டும் இருக்கும். பக்கத்தில் இருப்பவனைக் கேட்டால் "ஒண்ணுமில்லடா, சும்மா ஒரு ஜோக்" என்று எழுதிக் காட்டுவான். எது பாடம், எது சும்மா என்று எங்களுக்காக வேறொருவர் முடிவு செய்வதை வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நடையை மாற்றுங்கள், பொருளைக் குறைக்காதீர்கள். ஆசிரியர் நகைச்சுவையாகப் பேசினால் அதுவும் வரட்டும். "பார்த்தீர்களா?" என்ற சொல் படத்தைப் பார் என்று கண்ணுக்குச் சொல்லும் கட்டளையும்கூட. எங்களுக்கு அது மிகவும் தேவை.

கலைச்சொற்களையும் எளிமைப்படுத்த வேண்டாம். "மின்தடை" என்று தேர்வில் வரப்போகிற சொல்லைத் திரையில் "கரண்ட் போகத் தடுப்பது" என்று மாற்றி எழுதுவது உதவியாகாது. வீடியோவுக்கு முன்பே அந்தச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் சைகையைக் காட்டிவிட்டால் திரையில் வரும்போது அவை பழகிய முகங்களாக வரும். புதுதில்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் வெளியிட்ட அகராதியில் 2021ஆம் ஆண்டிலேயே 10,000 சொற்கள் இருந்தன. கல்விச் சொற்களும் அதில் அடங்கும். உங்கள் பள்ளியில் பிள்ளைகள் தங்களுக்குள் உருவாக்கி வைத்திருக்கும் சைகை வேறாக இருந்தால், அதையும் காட்டி இதையும் காட்டுங்கள்.

ஒலிகளையும் எழுதுங்கள். "(மணி ஒலிக்கிறது)", "(நீர் கொதிக்கும் ஓசை)" என்று அடைப்புக்குறிக்குள் வருவது கேட்பவர்களுக்குத் தேவையற்றதாகத் தெரியலாம். ஒலியியல் பாடத்தில் இசைக்கவையைத் தட்டிவிட்டு ஆசிரியர் மௌனமாக நிற்கும்போது, அங்கே எதுவோ கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. ஒலி தொடங்குவதும், மெல்லக் குறைவதும், நிற்பதும் எழுத்தில் வந்தால்தான் அந்தப் பாடம் எங்களுக்குப் பாடமாகும்.

பேச்சுத் தமிழை எங்கள் பிள்ளைகளிடமிருந்து முழுவதும் மறைத்துவிடுவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. இன்று அவர்கள் கையில் வாட்ஸ்அப் இருக்கிறது. "வர்றேன்", "இல்லடா", "சாப்டியா" என்றுதான் அக்காவும் அண்ணனும் எழுதுகிறார்கள். அறிவியல் பாடத்துக்கு எழுத்துத் தமிழே சரி. கதை, நாடகம், நகைச்சுவை போன்றவற்றுக்குப் பேசுவதை அப்படியே எழுதிக் காட்டினால், வீட்டார் எழுதும் தமிழும் அவர்களுக்குப் பழகும்.

கடைசியாக, சப்டைட்டில் இருக்கிறது என்பதற்காகச் சைகையை நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சைகை மொழியைத் தாய்மொழிபோல் பேசும் குழந்தைக்கு எழுத்துத் தமிழும் இரண்டாம் மொழிதான். செவித்திறன் குறைந்த மாணவர்கள் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்குப் பெறலாம் என்பதால், ஆங்கிலத்தைத் தொடாமலேயே பள்ளியை முடிப்பவர்கள் எங்களில் பலர். ஆகவே ஆங்கில சப்டைட்டில் உள்ள வீடியோவைக் காட்டிவிட்டு "அதுதான் எழுத்து வருகிறதே" என்று சொல்லும் பள்ளிகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் பள்ளி அப்படி இல்லை என்பது கேள்வியிலேயே தெரிகிறது.

பதில் 4: சிங்கை வகுப்பறை

சிங்கப்பூரில் தமிழாசிரியராக இருக்கிறேன். என் மாணவர்களில் பலர் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் என்பதால், உங்கள் தோழியின் வகுப்போடு என் வகுப்புக்கு ஓர் ஒற்றுமை உண்டு. 2005இல் இங்கு நடந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் கிடைத்தது. அன்றிலிருந்து பேசும் வடிவத்தை எழுத்தில் காட்டலாமா என்ற விவாதம் எங்களுக்கும் பழகிப்போனது. மொழி கற்பவருக்குக் காதில் விழுவதே கண்ணிலும் பட வேண்டும் என்ற எழுத்தோட்டம் அவர்களின் கருத்தை முழுமையாக ஆதரிக்கிறேன்.

உங்கள் தோழிக்கு ஒரு சபலம் வரக்கூடும்: ஒடியாவிலோ இந்தியிலோ சப்டைட்டில் போட்டால் பிள்ளைகளுக்கு இன்னும் எளிதாக இருக்குமே என்று. பாடப்பொருள் புரிவதற்கு அது உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தமிழைக் காதால் பிரித்தறியும் திறன் வளர வேண்டுமென்றால் அது தடையாகவும் ஆகலாம். 2009இல் ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்குவீன் ஆகிய இருவரும் நெதர்லாந்தில் செய்த ஆய்வு இதைக் காட்டுகிறது. பழகாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய ஆங்கில உச்சரிப்பைக் கேட்ட டச்சு மாணவர்களில், ஆங்கில வரிகளோடு பார்த்தவர்கள் அந்த உச்சரிப்பைப் பின்னர் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். டச்சு வரிகளோடு பார்த்தவர்களுக்கோ புதிய சொற்களைக் கேட்டறிவதில் அது பின்னடைவாக இருந்தது. தாய்மொழி வரி ஓடும்போது மனம் அதிலேயே தங்கிவிடுகிறது; காது வேலை செய்வதில்லை. எனவே கடினமான கருத்தை வீடியோவுக்கு முன்பு இந்தியில் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டு, திரையில் தமிழையே ஓட விடலாம்.

வரிகளை எப்போதும் போட்டே வைத்திருக்கவும் வேண்டாம். முதல்முறை வரிகளோடு காட்டுங்கள். சில நாள் கழித்து, அதே வீடியோவில் முக்கியச் சொற்களை மட்டும் திரையில் விட்டு மற்றவற்றை நீக்கிக் காட்டுங்கள். பிறகு வரியே இல்லாமல் காட்டி, ஆசிரியர் என்ன சொன்னார் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். இந்தக் கடைசிப் படி கேட்கும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இன்னொரு சிறு செய்தி. அமெரிக்காவில் 1980 மார்ச்சில், வேண்டியவர் மட்டும் திரையில் வரவழைத்துக்கொள்ளும் எழுத்து வரிகள் தொலைக்காட்சியில் தொடங்கியபோது, அவற்றைப் பார்க்கத் தனிக் கருவி ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. காதுகேளாதோருக்காகச் செய்த அந்தக் கருவியை, ஆங்கிலம் கற்க விரும்பிய குடியேறிகளும் வாங்கினார்கள். 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள தொலைக்காட்சிப் பெட்டிகளில் அந்த வசதி உள்ளேயே இருக்க வேண்டும் என்ற சட்டம் 1990இல் இயற்றப்பட்டு 1993இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் இரு பள்ளிகளின் கூட்டணிக்கு இப்படி ஒரு முன்வரலாறு உண்டு.

கேள்வி எழுப்பியவர்: அறிவியல் ஆசிரியை, திருப்பூர்

அனைவருக்கும் நன்றி. இரண்டு கோப்புகள் என்பதை ஏற்றுக்கொள்கிறோம். மௌனமொழி ஐயா, இசைக்கவையைப் பற்றி நீங்கள் எழுதியதை ஆசிரியர் அறையில் படித்துக் காட்டினேன். ஒலியியல் பாடத்திலிருந்தே தொடங்குவது என்று அங்கேயே முடிவாயிற்று. "பார்த்தீர்களா?" என்ற வரி வந்து மறைந்த பின் படம் இரண்டு நொடி உறைந்து நிற்கும்படி அமைக்கப்போகிறோம்.

ஆனால் உங்கள் பதில்களைப் படித்தபின் ஒரு புதிய கேள்வி எழுகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு வயதிலேயே காக்ளியர் கருவி (அறுவைச் சிகிச்சை செய்து உட்காதில் வைக்கும் கேட்புக் கருவி) பொருத்தப்பட்ட பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் இருக்கிறார்கள். காதொலிக் கருவியோடு ஓரளவு கேட்பவர்களும் உண்டு. இவர்களுக்கு எந்தக் கோப்பைக் காட்டுவது? பிறர் வெளியிட்ட வீடியோவில் நாங்கள் வரிகளைச் சேர்ப்பதற்கு அனுமதி தேவையா என்பதும் தலைமையாசிரியரின் கவலை. பள்ளியின் தொலைக்காட்சியில் பென்டிரைவைச் செருகி ஒரு மாதிரிக் கோப்பை ஓட்டியபோது தமிழ் எழுத்துகளில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. அதற்கும் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 5: சிறப்பாசிரியர், மதுரை

அம்மா, காக்ளியர் கருவி பொருத்திய பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. கேளாதவருக்கு ஒரு கோப்பு, மொழி கற்பவருக்கு ஒரு கோப்பு என்று பிரிப்பதைவிட, ஒலி காதுக்கு எட்டுகிறதா இல்லையா என்று பிரிப்பதே சரியாக இருக்கும். கருவியின் வழியாக ஓரளவு கேட்கும் குழந்தை, தான் கேட்பதைக் கண்ணால் உறுதி செய்துகொள்ள விரும்புகிறது. காதில் ஒன்றும் திரையில் வேறொன்றுமாக வந்தால், தன் காதைத்தான் அது ஐயப்படத் தொடங்கும். எனவே அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னதைச் சொன்னபடி எழுதிய கோப்பே பொருந்தும். உங்கள் தோழிக்காகச் செய்வதையே அவர்களுக்கும் காட்டலாம். பின்னணி இசை உரக்க ஒலிக்கும் வீடியோக்களை அவர்களுக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தக் கருவி, இசையையும் பேச்சையும் ஒருசேர உள்ளே தள்ளும். ஒரே வகுப்பில் இரு வகையினரும் இருந்தால் பெரிய திரையில் எழுத்துத் தமிழ்க் கோப்பையும், கருவி உள்ள பிள்ளைகளுக்குப் பின்னர் ஒரு மடிக்கணினியில் மற்றதையும் காட்டலாம்.

அனுமதியைப் பொறுத்தவரை உங்கள் தலைமையாசிரியர் ஓரளவு அமைதி கொள்ளலாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தத்தின்படி சேர்க்கப்பட்ட பிரிவு 52(1)(இசட்.பி), மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வடிவத்துக்கு ஒரு படைப்பை மாற்றுவதையும், கல்விக்காக அவர்களோடு பகிர்வதையும் இலாப நோக்கில்லாத வரையில் பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. பலர் நினைப்பதுபோல் இது பார்வையற்றோருக்கு மட்டும் உரியதன்று. ஆனால் அந்தப் படி மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். வரி சேர்த்த வீடியோவை உங்கள் சொந்தச் சேனலில் எல்லோருக்கும் ஏற்றிவிடுவது இதில் அடங்காது. உங்கள் தோழியின் மாணவர்கள் இந்தப் பிரிவுக்குள் வரமாட்டார்கள். ஆசிரியர் பாடம் நடத்தும்போது படைப்பைப் படியெடுப்பதற்குச் சட்டத்தில் தனி விலக்கு இருக்கிறது என்றாலும், வீடியோவின் உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதிவிடுவதே நேர்த்தியான வழி. இயன்றால் நீங்கள் செய்த வரிக் கோப்பையே (எஸ்.ஆர்.டி) அவருக்கு அனுப்பி, அவருடைய சேனலில் ஏற்றச் சொல்லுங்கள். பார்வையாளர்களே சப்டைட்டில் எழுதிக் கொடுக்கும் வசதியை யூடியூப் 2020 செப்டம்பரில் நிறுத்திவிட்டதால், இப்போது உரிமையாளர் வழியாகத்தான் அது நடக்க முடியும். அவர் ஏற்றுக்கொண்டால் உங்கள் உழைப்பு உங்கள் வகுப்போடு நின்றுவிடாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 42ஆவது பிரிவு மின்னணு ஊடகங்களில் எழுத்து வரிகளும் சைகை மொழிபெயர்ப்பும் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. கடிதத்தில் அதையும் ஒரு வரி குறிப்பிடுங்கள். மிரட்டலாக இல்லாமல், இது சலுகை அன்று என்பதை நினைவூட்டும் அளவில் இருக்கட்டும்.

எழுத்து பிரிந்து நிற்பது உங்கள் கோப்பின் குறை ஆகாது. பல தொலைக்காட்சிப் பெட்டிகளின் மென்பொருளுக்குத் தமிழ் உயிர்மெய்களைச் சேர்த்துக் காட்டத் தெரிவதில்லை. மடிக்கணினியை எச்.டி.எம்.ஐ கம்பி வழியாகத் தொலைக்காட்சியோடு இணைத்து, வி.எல்.சி பிளேயர் என்ற இலவச மென்பொருளில் ஓட்டினால் பெரும்பாலும் சரியாக வரும். வீடியோவுக்கும் வரிக் கோப்புக்கும் ஒரே பெயர் கொடுத்து ஒரே கோப்புறையில் வைத்தால் வி.எல்.சி தானாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது கோப்பை அதன் சப்டைட்டில் பட்டியல் வழியாகச் சேர்த்து, வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். பேச்சுக்கும் வரிக்கும் சற்று முன்பின் இருந்தால், வி.எல்.சி ஓடும்போதே விசைப்பலகையில் ஜி, எச் விசைகளை அழுத்திச் சரிசெய்யலாம். நோட்பேடில் கோப்பைச் சேமிக்கும்போது குறியாக்கம் யு.டி.எஃப்-8 என்று இருக்கிறதா என்று கவனியுங்கள். ஆன்சி என்று சேமித்துவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும், அதை மீட்கவும் முடியாது.

பென்டிரைவில்தான் ஓட்ட வேண்டும் என்ற நிலை இருந்தால், ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் வரிகளைப் படத்தோடு சேர்த்துப் பொறித்துவிடுங்கள். பிறகு எந்தப் பெட்டியிலும் எழுத்து பிரியாது. ஆனால் பொறித்த வரியை நீக்கவோ திருத்தவோ முடியாது என்பதால், மூல வீடியோவையும் இரண்டு எஸ்.ஆர்.டி கோப்புகளையும் தனியே பத்திரப்படுத்தி வையுங்கள். பொறித்ததை முழுவதும் ஓட்டிப் பார்க்காமல் வகுப்புக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். வெண்பலகைக்கு முன்னால் வெள்ளை எழுத்து வந்து நிற்கும் இடங்கள் அப்போதுதான் கண்ணில் படும். அந்த வரிகளுக்குப் பின்னால் கறுப்புப் பட்டை ஒன்று கொடுத்தால் கடைசி இருக்கையிலிருந்தும் படிக்க முடியும்.